நாலடிக் கோடு

மலையடிவாரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, குதூகலபுரி என்றொரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. அங்கே இருந்த பொருள்களெல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். மனிதர் காதில் அது விழாது. காற்றடிக்கிறது என்பார்கள், எண்ணெய் போட வேண்டும் என்பார்கள், போய்விடுவார்கள்.

பூங்காவின் பெருமை புயல் ரயில். மெல்ல ஏறி, உச்சியில் ஒரு கணம் யோசித்து, பிறகு தலைகுப்புறப் பாயும். அதில் ஏற நாலடி உயரம் வேண்டும். அந்த நாலடியைப் பார்த்துச் சொல்ல, ஏறும் வாசல் சுவரில் ஒரு ஒட்டகச்சிவிங்கி நின்றது. பிளைவுட்டில் அறுத்து, மஞ்சள் பூசி, பழுப்புத் திட்டுகள் வரைந்த சிவிங்கி. குளம்பிலிருந்து தலைவரை அங்குலக் கணக்கு. நெஞ்சின் குறுக்கே நாலடியில் ஒரு சிவப்புக் கோடு.

குழந்தைகள் அதன் மேல் முதுகைச் சாய்த்து நிற்பார்கள். தலை கோட்டைத் தொட்டால் உள்ளே; தொடாவிட்டால் வெளியே. ஒன்பது வருடமாக அதுதான் வேலை. எத்தனையோ குழந்தைகள் அதன் வயிற்றில் முகம் புதைத்து அழுதிருக்கிறார்கள். ஒரு பயல் காலால் உதைத்துவிட்டே போனான். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் தினமும் காலையில் ரயிலை ஓட்டும் ஆறுச்சாமி வந்து, ஈரத்துணியால் தலை முதல் கால் வரை துடைத்துவிட்டு, "இன்னைக்கு யாரையெல்லாம் அழ வைக்கப் போறே, ராசா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் சிவிங்கியின் மனசு லேசாகிவிடும்.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம் முதலாளி சென்னியப்பனுக்கு ஓர் ஆசை வந்தது. ஏறும் வாசலின் சிமெண்டுத் தரை அவருக்குப் பிடிக்கவில்லை. "கல்யாண மண்டபமாட்டம் பளபளன்னு இருக்கோணும்" என்று கிரானைட் இறக்கினார். பழைய தரையின் மேலேயே கலவை போட்டு, அதன் மேல் கல் பதித்தார்கள். மொத்தம் ரெண்டு அங்குலம்.

சிவிங்கியின் அடியில் வந்தபோது மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"மொதலாளி, இதைக் கழட்டி மாட்டுனா அரை நாளு போயிருமுங்க. கோடுதானுங்களே வேணும்? குளம்பு எதுக்கு?"

நாளைக் காலையில் கூட்டம் வரும். சென்னியப்பன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சரி சரி, மூடிரு."

மூடினார்கள். காலடியில் ஈரக்கலவை குளிர்ந்தது சிவிங்கிக்கு. கூச்சமாக இருந்தது, பிறகு இதமாக இருந்தது. கல் காய்ந்ததும் அதில் தன் முகமே தெரிந்தது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாகத் தன் கழுத்து எவ்வளவு அழகென்று அது பார்த்தது.

அதற்குப் பிறகு நல்ல காலம் பிறந்தது போலிருந்தது. அழுகிற குழந்தைகள் குறைந்துபோனார்கள். இந்தப் பொடிசு தேறாது என்று சிவிங்கி நினைக்கும். தலை கோட்டை இடிக்கும். குழந்தை துள்ளிக்கொண்டு ஓடும். போகிற போக்கில் சிவிங்கியின் வயிற்றுக்கு ஒரு முத்தமும் கிடைக்கும்.

சிவிங்கியைச் சுவரோடு பிடித்திருந்த பழைய திருகாணி ஒரு நாள் கேட்டது: "ஏனுங்ணா, கொஞ்ச நாளா குழந்தைக எல்லாம் திடீர்னு வளந்துட்டாங்களே, எப்படிங்ணா?"

"பள்ளிக்கூடத்துல முட்டை போடறாங்கல்ல" என்றது சிவிங்கி.

"ஒரே வாரத்துலயா?"

"உனக்கு எதுலயும் சந்தேகந்தான். துருப்பிடிச்ச புத்தி."

திருகாணி அதோடு விட்டுவிட்டது. சிவிங்கியும் அதை மறந்துவிட்டது. மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் திருப்பூரிலிருந்து கோகிலவாணி தன் மகள் தன்யாவோடு வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. தைத்து வரும் உருப்படிகளை நாள் முழுக்க டேப் வைத்து அளந்து தள்ளுகிறவள். தன்யா ரெண்டாம் வகுப்பு. சிவிங்கியின் நெஞ்சில் சாய்ந்து நின்றாள். தலை கோட்டுக்கு அரை அங்குலம் மேலே இருந்தது.

"போலாம் கண்ணு" என்றார் ஆறுச்சாமி.

இரண்டாவது வளைவில் தன்யா இருக்கையிலிருந்து கீழே வழுக்கினாள். மடியில் இருந்த தாங்குகம்பிக்கும் அவளுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. முழங்கை இரும்பு விளிம்பில் மோதி எலும்பு முறிந்தது. பின்னால் இருந்த யாரோ அதைப் படமெடுத்திருந்தார்கள். பதினொரு வினாடிப் படம். பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் பார்த்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் பூங்காவில் ஈ காக்கை இல்லை. பொருள்கள் கூடிப் பேசின.

"நான் பாத்துக்கறேன்" என்றது கம்பத்தின் மேலிருந்த ஒலிபெருக்கி. அதற்கு எப்போதுமே தன் குரல்மேல் நம்பிக்கை அதிகம். "நம்ம பாட்டை ரெண்டு மடங்கு சத்தமா போட்டா, ஊர் பேசறது கேக்கவே கேக்காது."

"சத்தமெல்லாம் பழைய காலம்ப்பா" என்று நெடுஞ்சாலை ஓரத்திலிருந்தே கத்தியது விளம்பரத் தட்டி. "எம்மேல ஒரு நடிகையை நிறுத்துங்க. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போடுங்க. பத்து நாள். ஜனங்களுக்கு அதுக்கு மேல ஞாபகம் ஏது?"

"பத்து நாளைக்கு அப்புறம்?" என்று கேட்டது புயல் ரயில். "மறுபடி ஒரு குழந்தை வழுக்குமே, அப்ப? நான் எப்பவும் போலத்தான் ஓடுனேன். எங்க தப்புன்னு எனக்கே தெரியலை."

எல்லாரும் தாங்குகம்பியைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றது கம்பி. "நாலடிக்குச் செஞ்சவன் நான். நாலடி இருந்தா உயிரைக் குடுத்துப் புடிப்பேன். அதுக்குக் கீழன்னா எங்கைக்கு எட்டாது. சிவிங்கி சரின்னு சொல்லுச்சு. அதை நம்பித்தான் புடிச்சேன்."

முதல் முறையாகச் சிவிங்கி கழுத்தை வளைத்து, கிரானைட்டில் தெரிந்த முகத்தைத் தாண்டி, தன் காலைப் பார்த்தது. கால்கள் தரையோடு முடிந்திருந்தன. கல்லை ஒட்டித் தெரிந்த முதல் எண் இரண்டு. பூச்சியமும் ஒன்றும் எங்கேயோ கீழே இருந்தன. குளம்புகள் இல்லை.

'நான் பொய் சொல்லவில்லை' என்று முதலில் நினைத்தது. கோடு போட்ட இடத்திலேயேதான் இருக்கிறது, தரையல்லவா நகர்ந்தது. இந்த நியாயம் கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு தீபாவளி வாரத்துக் குளிர் ஞாபகம் வந்தது. திருகாணியின் கேள்வி ஞாபகம் வந்தது. கேட்டபோதே உள்ளுக்குள் ஏதோ அசைந்தது. அதை அசையவிடாமல் வைத்தது முட்டை அல்ல, குழந்தைகளின் முத்தம். முடியாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்த தனக்கு, சரி என்று சொல்வது எவ்வளவு இனித்தது! தெரியாமல் செய்தேனா, தெரிந்துகொள்ளாமல் செய்தேனா? இந்த ஒரு கேள்வியைச் சிவிங்கியால் எப்படித் திருப்பிப் போட்டும் தன் பக்கம் சாய்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து நிரஞ்சன் என்பவர் வந்தார். கெட்டுப்போன பேரைத் தூக்கி நிறுத்துவது அவர் தொழில். அவரும் முதலாளியும் ஏறும் வாசலில் நின்று பேசினார்கள். சிவிங்கி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சிம்பிள் சார். குழந்தை குதிகாலைத் தூக்கி எக்கி நின்னுடுச்சு. ஆபரேட்டர் கவனிக்கலை. அவரை வேலையை விட்டு நிறுத்திட்டோம். வருந்துகிறோம். அவ்வளவுதான். பத்திரிகைக்காரங்களை நாளைக்குப் பத்து மணிக்கு இங்கேயே வரச் சொல்லுங்க."

"ஆறுச்சாமி ஆரம்பத்துல இருந்து இருக்கறவனுங்க" என்றார் சென்னியப்பன்.

"அதனாலதான் சார் ஜனங்க நம்புவாங்க. வயசாகுது, கவனம் போயிடுச்சு."

சென்னியப்பன் கைபேசியை எடுத்துப் பத்திரிகைக்காரர்களின் எண்ணைத் தேடினார்.

அவர்கள் போனதும் சிவிங்கி திருகாணியைக் கூப்பிட்டது.

"தம்பி, அன்னைக்கு உன்னைத் துருப்பிடிச்ச புத்தின்னு சொன்னேன்."

"அது பரவாயில்லீங்ணா. துரு இருக்கறது நெசந்தானே."

"நாளைக்கு எல்லாரும் வந்து நிக்கறப்போ நீ என்னை விட்டுரணும்."

திருகாணி பதறிவிட்டது. "விட்டா முகங்குப்புற விழுவீங்க. காலு கல்லுக்குள்ள மாட்டியிருக்கு, முறிஞ்சிரும். முறிஞ்ச பலகையை யாருங்ணா வெச்சிருப்பாங்க? டீக்கடை அடுப்புக்குத்தான்."

"காலு முறிஞ்சாத்தான் அது எங்க இருக்குன்னு தெரியும்."

திருகாணி துளைக்குள் தன்னை ஒரு சுற்றுத் தளர்த்திப் பார்த்தது. பிறகு, "ஒன்பது வருசமாப் புடிச்சிட்டிருக்கேன். எனக்கும் கை வலிக்குது" என்றது.

மறுநாள் பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கேமராக்கள் வந்தன. செய்தி கேட்டுக் கோகிலவாணியும் கட்டுப் போட்ட கையோடு தன்யாவைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு ஓரமாக நின்றாள். ஆறுச்சாமியை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அவர் கையில் துணி இருந்தது. வழக்கம்போல் காலையில் சிவிங்கியைத் துடைத்துவிட்டு, அதைக் கீழே வைக்க மறந்திருந்தார்.

நிரஞ்சன் தொண்டையைச் செருமினார். "அந்தக் குழந்தை குதிகாலைத் தூக்கி..."

"என்ர புள்ள எக்கலை" என்றாள் கோகிலவாணி. "நான் பக்கத்துலதான நின்னேன்."

"அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படாதீங்க. கோடு இங்கே இருக்கு. நாலடி நாலடிதான்."

"இப்போ" என்றது சிவிங்கி.

திருகாணி கையை விட்டது.

மடாரென்ற சத்தத்தில் எல்லாரும் சிதறினார்கள். சிவிங்கி கிரானைட்டில் முகம் மோதி, புரண்டு, மல்லாந்து கிடந்தது. கால்கள் தரை மட்டத்தில் முறிந்து, சிம்பு சிம்பாக நீட்டிக்கொண்டிருந்தன. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆறுச்சாமிதான் குனிந்தார். கல்லுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த பிளவில் விரலை விட்டார். உள்ளே மஞ்சள் வர்ணம் தெரிந்தது. நாலு குளம்புகள், பூசிய அன்றைக்கு இருந்த புதுசோடு.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தெனமும் தொடைச்சேன்" என்றார். "தலையிலிருந்து காலு வரைக்கும்னு நெனச்சுத்தான் தொடைச்சேன். குளம்பைத் தொடைக்கலையேன்னு ஒரு நாளும் தோணலையே எனக்கு."

கோகிலவாணி முன்னால் வந்தாள். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். பிளவுக்குள் விட்டுப் பழைய தரையைத் தொட்டு, மேலே கல் வரைக்கும் இழுத்துப் பிடித்தாள். குரலை உயர்த்தாமல் படித்தாள்: "ரெண்டு அங்குலம். என்ர புள்ள மூணடி பத்தரை. வீட்டுச் செவுத்துல எழுதி வெச்சிருக்கேன்."

கேமராக்கள் நெருங்கி வந்தன. நிரஞ்சன் முதலாளியின் காதருகே குனிந்தார். "சார், ஒரு துணியைக் கொண்டுவரச் சொல்லி மூடிருங்க. மிச்சத்தை நான் பேசிக்கறேன்."

மூடிருங்க. சென்னியப்பனுக்கு அந்த வார்த்தையைத் தெரியும். அது அவருடைய வார்த்தை. கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், ஒரு தீபாவளி வாரத்தில், அவர் வாயிலிருந்து வந்தது. இன்னொரு தரம் சொன்னால் அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் டேப்பையும், ஆறுச்சாமியின் கையில் இருக்கும் துணியையும், அந்தக் குழந்தையின் கையில் இருக்கும் கட்டையும் எதைப் போட்டு மூடுவது? கீழே கிடந்த சிவிங்கியின் ஒரு கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மைக்கைக் குடுங்க" என்றார்.

கம்பத்தின் மேலிருந்த ஒலிபெருக்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது பிறந்ததிலிருந்து 'வாங்க, வாங்க' என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. இப்போது அதன் தொண்டை வழியாக முதலாளியின் குரல் வந்தது.

"தப்பு எங்களோடது. அழகுக்குன்னு தரையை ஒசத்துனோம். கோட்டைக் கழட்டி மேல மாட்டலை. மூடிருன்னு சொன்னது நான். ஆறுச்சாமி மேல ஒரு குத்தமும் இல்லை. அந்தக் குழந்தை எக்கவே இல்லை. தீபாவளிக்கப்புறம் இந்த ரயில்ல ஏறுன குழந்தைக எத்தனை பேருன்னு நெனச்சா எனக்கு ஒடம்பு நடுங்குது. இன்னையிலிருந்து பூங்காவைப் பூட்டறேன். ஒவ்வொண்ணையும் கழட்டிப் பாத்துட்டுத்தான் திறப்பேன்."

சொல்லி முடித்ததும் ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு தனக்குள் சொல்லிக்கொண்டது: "இவ்வளவு மெதுவாப் பேசியும் எல்லாருக்கும் கேட்டுடுச்சே."

நாலு மாதம் பூட்டிக் கிடந்தது. கிரானைட்டைப் பெயர்த்தார்கள். பழைய சிமெண்டுத் தரை, கறையும் கீறலுமாக, வெளியே வந்தது. அடுப்புக்குப் போகவில்லை சிவிங்கி. ஆறுச்சாமி குளம்புகளைப் பிளவிலிருந்து பத்திரமாக எடுத்து, பழைய இடத்தில் பொருத்தி, தகடு வைத்து ஆணி அடித்தார். டேப் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் பிடித்துப் பார்த்தார். ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் வர்ணம் பூச வேண்டாம் என்று சென்னியப்பன் சொல்லிவிட்டார். திருகாணிக்கு எண்ணெய் போட்டு அதே துளையில் முடுக்கினார்கள்.

"மறுபடியும் நானே புடிக்கணுமா?" என்றது அது.

"வேற யாரு என்னைச் சந்தேகப்படுவாங்க?" என்றது சிவிங்கி.

விளம்பரத் தட்டிக்குத்தான் பெரிய ஏமாற்றம். நடிகை வரவில்லை. அதன் மேல் ஒரே ஒரு வரி எழுதினார்கள்: 'பூட்டியிருக்கிறோம். ஏன் என்று கேளுங்கள், சொல்கிறோம்.' கீழே முதலாளியின் கைபேசி எண். முதல் வாரம் முழுக்கத் திட்டுகிறவர்கள்தான் கூப்பிட்டார்கள். சென்னியப்பன் எடுத்தார். பிறகு கேட்கிறவர்கள் கூப்பிட்டார்கள். அப்போதும் எடுத்தார். "பேருந்துல போறவங்க ஜன்னலுக்கு வெளிய கழுத்தை நீட்டிப் படிக்கறாங்க" என்று தட்டி ஒரு நாள் மெல்ல ஒப்புக்கொண்டது. "முன்ன ஒரு நடிகை இருந்தப்பக்கூட இப்படிப் படிச்சதில்லை."

திருப்பூருக்கும் போனார் முதலாளி. வைத்தியச் செலவு பற்றி முதலிலேயே பேசி முடித்திருந்தார்கள், இது வேறு. திறக்கிற அன்றைக்கு வர முடியுமா என்று வாசலில் நின்றபடியே கேட்டார்.

கோகிலவாணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வர்றோம். ஆனா டேப்போடதான் வருவேன்."

"கொண்டாங்க அம்மிணி" என்றார் அவர்.

ஆனி மாதத்துக் காற்றோடு பூங்கா திறந்தது. முதல் நாள் வந்தது மொத்தம் முப்பத்தேழு பேர். ஒரே ஒரு கேமரா. சேர்ந்தாற்போல் எல்லாரும் புயல் ரயிலின் வாசலுக்குத்தான் வந்து நின்றார்கள். கட்டுப் பிரித்த கையை வீசிக்கொண்டு தன்யா முன்னால் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சிவிங்கியின் குளம்புகளைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். பிறகு திரும்பி, முதுகைச் சாய்த்து நின்றாள்.

சிவிங்கி குனிந்து பார்த்தது. நாலு மாதத்தில் முக்கால் அங்குலம் வளர்ந்திருந்தாள். கோட்டுக்கு இன்னும் முக்கால் அங்குலம் வேண்டும்.

"ஐயையோ" என்றது ஒலிபெருக்கி, தணிந்த குரலில். "கேமரா இருக்குப்பா. இந்தக் குழந்தை ஏறிச் சிரிச்சாப் போதும், நாலு மாசப் பழி ஒரே நிமிசத்துல போயிரும். முக்கால் அங்குலந்தானே? கொஞ்சம் கண்ணை மூடிக்கோ."

சிவிங்கிக்கும் அந்தக் குழந்தையை ஏற்றிவிட ஆசையாகத்தான் இருந்தது. முத்தத்துக்கு ஏங்கிய அதே பழைய ஆசை இது என்று கண்டுகொண்டது. அசையாமல் நின்றது.

ஆறுச்சாமி கோட்டைப் பார்த்தார். தரையில் மண்டியிட்டுக் குளம்பைப் பார்த்தார். எழுந்து முதலாளியைப் பார்த்தார். சென்னியப்பனின் நெற்றி வேர்த்திருந்தது. இதற்காகத்தான் அந்தக் கேமராவைக் கூப்பிட்டிருந்தார். அவர் கண்ணை மூடித் திறந்து, தலையை ஆட்டினார். பக்கவாட்டில்.

"இல்லை கண்ணு" என்றார் ஆறுச்சாமி. "பத்தாது. அடுத்த வருசம் வரோணும்."

தன்யாவின் கீழுதடு பிதுங்கியது. பிறகு அவள் சிவிங்கியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஊரே கேட்க அழுதாள். வெகு நாளைக்குப் பிறகு வயிற்றில் விழுந்த கண்ணீர். சிவிங்கிக்கு அது முத்தத்தைவிடச் சூடாக இருந்தது.

கோகிலவாணி டேப்பை எடுத்து மகளை அளந்தாள். சிவிங்கியை அளந்தாள். டேப்பைச் சுருட்டினாள். அவள் தோள் குலுங்கியது; அழுகிறாளோ என்று பயந்துபோய்ச் சென்னியப்பன் ஓரடி முன்னால் வந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அழாத சாமி. அங்க பாரு, குடை ராட்டினம் இருக்குது. அதுக்கு உயரம் பத்தும்." முதலாளி பக்கம் திரும்பினாள். "ஒரு பென்சில் இருக்குங்களா?"

ஆறுச்சாமி காதில் செருகியிருந்ததைக் கொடுத்தார். கோகிலவாணி சிவிங்கியின் நெஞ்சில், சிவப்புக் கோட்டுக்கு முக்கால் அங்குலம் கீழே, சின்னதாக ஒரு கோடு இழுத்து, தன்யா என்று எழுதி, தேதி போட்டாள். கூசியது சிவிங்கிக்கு. கூச்சத்தோடு நேராக நின்றது.

வரிசையில் மூன்றாவதாக, ரெண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தார்.

"டேய் தம்பி, கொழந்தைகளைக் கூட்டிட்டு நீயும் வாடா. பயப்படாத. இங்க முடியாதுன்னு சொல்றாங்கடா."